ஆகஸ்டில் ஜப்பானுக்குப் புயல், நமக்கு ஏன் இல்லை?

கேள்வி: வேதாரண்யம் பக்கத்தில் மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் மாற்ற வேண்டும். ஜப்பானில் இருக்கும் மகன், ஆகஸ்ட் செப்டம்பரில்தான் புயல் அதிகம் என்கிறான். கடல் கொதிப்பதோ மே மாதம். எதற்குள் வேலையை முடிப்பது?

பதில்: புரட்டாசி முடிவதற்குள் முடித்துவிடுங்கள்.

மகன் சொல்வது சரிதான், ஆனால் அது அந்தக் கடலின் கணக்கு. வடமேற்குப் பசிபிக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 25 புயல்கள் உருவாகின்றன. வங்கக் கடலும் அரபிக் கடலும் சேர்ந்தே நமக்கு 5தான். அதிலும் பெரும்பங்கு வங்கக் கடலுக்கு. (2019-இல் அரபிக் கடல் முந்திக்கொண்டது, அது விதிவிலக்கு.)

புயல் பிறக்கக் கடல்நீர் சுமார் 26.5 டிகிரி சூடு இருந்தால் போதும். நம் கடலில் அது பெரும்பாலும் ஆண்டு முழுக்க இருக்கிறது. அப்படியும் ஆகஸ்டில் புயல் வராததற்குக் காரணம், அம்மியையே பறக்கவிடும் அந்த ஆடிக் காற்றுதான். கீழே தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து வேறொரு காற்று பாயும். புயலுக்கு மேகம் கோபுரம்போல நேராக எழும்ப வேண்டும். அடியை ஒரு பக்கமும் தலையை மறுபக்கமும் இழுத்தால் கோபுரம் எங்கே நிற்கும்? அந்த மாதங்களில் வடக்கு வங்கக் கடலில் தாழ்வு மண்டலங்கள் பிறக்கும்தான். ஆனால் பெரிதாக வளர நேரமில்லாமல் ஒடிசா பக்கம் கரையேறி, மழையாகத் தீர்ந்துவிடும்.

ஆகவே பருவக்காற்று வலுப்பதற்கு முன் ஒரு பருவம், ஓய்ந்த பின் ஒரு பருவம் என்று நமக்குப் புயல் காலம் இரண்டு. மே மாதப் புயல் வலுவானதுதான், ஆனால் பெரும்பாலும் வடக்கே திரும்பிவிடும். 2019-இல் ஃபானி நம்மை மிரட்டிவிட்டுப் புரிக்குப் போனது நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வருவதில் பல மேற்கு நோக்கி நேராக நம் கரைக்கே வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வந்ததை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி பிறந்ததும் ஆணியைத் தளர்வாக விட்டுவிடாதீர்கள். தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30 அன்று.

அப்புறம் ஒன்று: காற்று முதலில் பிடிப்பது ஓரத் தகட்டைத்தான். கூரை விளிம்பில் வெறும் ஆணி வேண்டாம், வாஷருடன் ஜே போல்ட் போடச் சொல்லுங்கள். நடுவில் போடுவதைவிட நெருக்கமாக. கொத்தனார் ‘இதெல்லாம் எதுக்குங்க’ என்பார். விடாதீர்கள்.