கயிற்றைப் பிடித்தாலே சாய்ந்து விழும் பூனை

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில் வசிக்கிறோம். வெளியே போயே பழகாத எங்கள் 2 வயதுப் பூனையை மாலையில் மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லலாம் என்று ஹார்னஸ் (உடலைச் சுற்றி மாட்டிக் கயிறு கோக்கும் பட்டை) வாங்கினோம். மாட்டியவுடன் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறது. கயிற்றை இழுத்தாலும் எழுவதில்லை. கழற்றினால் ஓடுகிறது. இது நோயா, பிடிவாதமா?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டும் இல்லை. உடலைச் சுற்றி ஏதோ அழுத்துவதை முதன்முறையாக உணரும் பூனைகள் பலவும் இப்படித்தான் சரியும். கழற்றியதும் பழையபடி ஓடுவதால் நரம்புக் கோளாறு என்று அஞ்ச வேண்டியதில்லை. மாட்டிய கையோடு கயிற்றை இழுத்ததுதான் பிழை.

ஒரு வாரம் ஹார்னஸைச் சாப்பாட்டுத் தட்டின் அருகில் சும்மா போட்டு வையுங்கள். அதை மோந்து, அதன்மேலேயே படுத்துப் புரளத் தொடங்கிய பிறகு, கொக்கியை மாட்டாமல் முதுகில் வைத்து, வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு எடுத்துவிடுங்கள். பிறகு, பசிக்கும் வேளையில் மாட்டி உடனே சாப்பாடு வைத்தால், தின்னும் மும்முரத்தில் பட்டையை மறந்திருக்கும். தட்டு காலியானதும், அது சரிவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். ஹார்னஸோடு வீட்டுக்குள் இயல்பாக நடமாடிய பிறகே கயிறு. வெல்க்ரோவைப் பிரிக்கும் 'சர்ர்' ஓசைக்கே மிரளும் பூனைகளும் உண்டு என்பதால், நான் கொக்கி வகையையே பரிந்துரைப்பேன்.

பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் போதும். நாய்க்குட்டி அளவையே எடுத்து நீட்டும் கடைக்காரர்களிடம் கவனமாக இருங்கள். பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு மூட்டால் பிணையாமல் தசைக்குள் அமைந்திருப்பதால், தலை நுழையும் சந்தில் பெரும்பாலும் தோளும் நுழைந்துவிடும். மிரண்டு பின்னோக்கி நகரும் பூனையை முன்னால் நின்று இழுத்தால், சட்டையைக் கழற்றுவதுபோல் ஹார்னஸை உங்கள் கையில் விட்டுவிட்டு அது ஓடிவிடும். அது பின்வாங்கும்போதே கயிற்றைத் தளர்த்தி, நீங்கள்தான் அதனிடம் போக வேண்டும்.

மாடிக்குக் கூண்டில் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள். வாசற்படியைத் தானே தாண்டப் பழகினால், கதவு திறக்கும்போதெல்லாம் பாயும். மாலையிலும் தளம் கொதிக்கும், ஆகவே அதிகாலையே நல்லது. அங்கே அது நடக்காமல் ஒரே தொட்டியைப் பத்து நிமிடம் மோந்துகொண்டிருந்தாலும் அவசரப்படுத்தாதீர்கள். கயிற்றைக் குழாயில் கட்டிவிட்டுத் துணி எடுக்கப் போய்விடாதீர்கள். கைப்பிடிச் சுவரை எட்டவும் விடாதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசியை முன்னதாகவே போட்டுவிடுங்கள். உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள். நாய்களுக்கான, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து பூனைக்கு நஞ்சு.