“உனக்கு இது ஒரு போதைம்மா” என்கிறான் என் மகன்

கேள்வி: எனக்கு 52 வயது, வீடு கொருக்குப்பேட்டை. எங்கள் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஸ்டான்லிக்குக் கூட்டிப்போய், ஓபி சீட்டு போட்டு, வரிசையில் நின்று மாத்திரை வாங்கிக் கொடுப்பது நான்தான். யாரிடமும் பத்துப் பைசா வாங்கியதில்லை. “உனக்கு இது ஒரு போதைம்மா, நாலு பேர் அக்கா அக்கான்னு கூப்பிடணும்” என்கிறான் மகன். மிக்ஜாம் புயலப்போ இடுப்பளவு தண்ணீரில் தெரு முழுக்கப் பால் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தவன்தான் இப்படிப் பேசுகிறான். இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, பிரஷர் 160/100. காலை ஆறு மணிக்கே கிளம்புவதால் பிரஷர் மாத்திரையும் பாதி நாள் விட்டுப்போகிறது. இது மனநோயா டாக்டர்?

பதில்: அடுத்தவருக்கு ஓடுவது நோயில்லைம்மா. அந்த மாத்திரை விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் போதை. பையன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஜோர்ஜ் மோல் என்ற மூளை ஆய்வாளரின் குழு 2006-ல், நன்கொடை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவர்களின் மூளையை ஸ்கேனில் பார்த்தது. தன் கைக்குப் பணம் வந்தால் எந்தப் பகுதி துள்ளுகிறதோ, கொடுக்கும்போதும் அதே பகுதி துள்ளியது. ஆக, கொடுத்தால் சந்தோஷம் வருவது நிஜம். ராபர்ட் சியால்டினி போன்ற உளவியலாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்து நமக்கு வரும் துக்கத்தைத் துடைத்துக்கொள்ளத்தான் உதவுகிறோம் என்றார்கள்.

ஆனால் பசிக்குச் சாப்பிடும்போது வஞ்சிர மீன் குழம்பு ருசியாகவும் இருக்கிறது, அதனால் பசியே இல்லாமல் ருசிக்குத்தான் உட்கார்ந்தான் என்று சொல்லிவிட முடியுமா?

இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர். அவர் குழு 1981-ல் செய்த சோதனையில், எலெய்ன் என்ற பெண் ஷாக் வாங்கித் துடிப்பதை மாணவிகள் டிவியில் பார்க்க வேண்டும் (ஷாக் பொய், அந்தப் பெண் நடித்தாள், பார்த்தவர்களுக்கு அது தெரியாது). வேண்டுமானால் எழுந்து போகலாம், இல்லையென்றால் அவளுக்குப் பதிலாக மிச்ச ஷாக்கைத் தான் வாங்கிக்கொள்ளலாம். பார்க்கச் சகிக்காமல் படபடத்தவர்களில் நிறையப் பேர், கதவு திறந்திருக்கிறது என்றதும் போய்விட்டார்கள். அவள்மேல் மனம் இளகியவர்களோ, போகலாம் என்று தெரிந்தும் பெரும்பாலும் ‘நான் வாங்கிக்கொள்கிறேன்’ என்றார்கள். சியால்டினி தரப்பு இதை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை, பல வருஷம் சண்டை நடந்தது. எனக்கு பேட்சன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை, யாரோ கைதவறவிட்ட துணி கிளிப்பை மிட்டாய் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பதை வார்னெக்கனும் தொமசெல்லோவும் 2006-ல் காட்டினார்கள். அந்த வயசில் பேர் வாங்கும் ஆசையா இருக்கும்?

உங்கள் விஷயத்தில் நான் கேட்க நினைப்பது வேறு. எதிர்வீட்டுப் பெரியவரை ஒருநாள் ஆட்டோக்காரத் தம்பியே கூட்டிப்போய் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அப்பாடா, நல்லது’ என்று இருக்குமா, ‘என்னை ஏன் கூப்பிடவில்லை’ என்று குடையுமா? 1988-ல் பேட்சன் இதையும் பார்த்தார், மனம் இளகியவர்களுக்குக் கஷ்டம் யாரால் தீர்ந்தாலும் சந்தோஷம்தான். உங்களுக்குக் குடைந்தால், அல்லது ‘இன்றைக்கு முடியாது’ என்று சொன்ன இரவில்தான் தூக்கம் போகிறது என்றால், அந்தத் தவிப்பை ஒரு மனநல மருத்துவரிடம் பேசலாம். ஸ்டான்லியிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது, உங்களுக்குத் தெரியாத கட்டடமா. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

சரி, மாத்திரை. அதை ஓபி சீட்டு வைக்கிற பர்ஸிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடுங்கள், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுங்கள், சுகரும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் யோசிக்காமல் 108. நோட்டைக் காட்ட டாக்டரிடம் போகும் அன்று தெருவில் வேறு யாரையும் கூட்டிப்போகாதீர்கள். வரிசையில் உங்களுக்காகப் பையன் நிற்கட்டும், பால் பாக்கெட் தூக்கியவன்தானே.