பூனைக்குட்டி கத்தினால் தூக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். தண்டையார்பேட்டை வாரியக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறோம். மீன்பாடி வண்டியின் அடியில் ஒண்டிக் கிடந்த பூனைக்குட்டி ஒன்றை என் கணவர் சென்ற வாரம் எடுத்து வந்தார். தட்டில் வைத்ததைத் தானாகவே தின்னுகிறது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மடியில் இருக்கும் வரை நன்றாக உறங்குகிறது. இறக்கி விட்ட மறுநொடியே தொண்டை கம்மும் அளவுக்குக் கத்துகிறது. “கத்தும்போதெல்லாம் தூக்கினால் அதுவே பழக்கமாகிவிடும், கொஞ்சம் கத்தட்டும் விடு” என்கிறார் என் மாமியார். எனக்கோ மனம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டாரும் முகம் சுளிக்கிறார்கள். இதனுடன் கிடந்த இன்னொரு குட்டி அடுத்த தெருவில் கணவரின் நண்பர் வீட்டில் வளர்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புள்ள வாசகிக்கு, தூக்குங்கள். உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அது இன்னும் சில வாரங்கள் கழித்துப் பொருந்தும் நியாயம்.

சரணாகதியை விளக்க வைணவப் பெரியோர் மார்ஜார நியாயம் என்று ஒன்றைச் சொல்வார்கள். குரங்குக்குட்டி தானே தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்விக்கொண்டு போக வேண்டும். அந்தக் குட்டியால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, தாயின் காதில் விழும்படி கத்துவது. பசித்தாலும் குளிர்ந்தாலும் கூட்டத்திலிருந்து பிரிந்தாலும் அதற்கு வேறு வழி கிடையாது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்று கூப்பிட்டுக்கொள்வது மிக அரிது. அந்தக் குரல் முதலில் தாய்க்கும் பிறகு நமக்கும் உரியது. ஆகவே உங்கள் குட்டி அடம் பிடிக்கவில்லை, உங்களைத் தாய் என்று எண்ணித் தேடுகிறது.

முதலில் அதன் வயதைப் பாருங்கள். முன்வரிசைச் சிறு பற்கள் இரண்டு மூன்று வாரத்திலும், கோரைப் பற்கள் மூன்று நான்கு வாரத்திலும், அவற்றுக்குப் பின்னால் உள்ள பற்கள் நான்கு முதல் ஆறு வாரத்திலும் முளைக்கும். தானாகத் தின்னுகிறது என்பதால் ஐந்து வாரத்தையாவது தாண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. ஒரு குட்டி தாயுடன் குறைந்தது எட்டு வாரம் இருக்க வேண்டும். பன்னிரண்டு வாரம் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டுக் குட்டிக்கு அந்தக் காலம் பாதியில் அறுந்துவிட்டது. அந்த மிச்சக் காலத்தைத்தான் அது உங்கள் மடியில் கேட்கிறது.

அடுத்து, ஏக்கத்தைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இந்த வயதில் வயிறு சிறியது. ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பசும்பாலும் பாக்கெட் பாலும் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் பேதியாகும், பேதியான வயிறு வலிக்கும், வலித்தால் கத்தும். குட்டிகளுக்கென்று விற்கும் உணவை வெந்நீரில் ஊறவைத்து, ஆறவிட்டுப் பிசைந்து கொடுப்பதே சிறந்தது. அது கிடைக்கும் வரை உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியை நுணுக்கமாக உதிர்த்துக் கொடுக்கலாம். உங்கள் பகுதியில் மீன் எளிதாகக் கிடைக்கும் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மீனை மட்டுமே கொடுத்து வளர்க்காதீர்கள். சில மீன்களைப் பச்சையாகத் தின்றால், அவற்றில் உள்ள ஒரு நொதி தயாமின் என்னும் பி1 வைட்டமினை அழித்துவிடும். தொடர்ந்து தின்னும் பூனைக்கு நரம்புத் தளர்ச்சி வரும். வேகவைத்து, முள் எடுத்து, இடையிடையே கொடுத்தால் போதும். கருவாடு வேண்டவே வேண்டாம்.

காதுக்குப் பின்னாலும் வால் அடியிலும் ரோமத்தை விலக்கிப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியது போலக் கறுப்புத் துகள்கள் இருந்து, அவற்றை ஈரப் பஞ்சில் வைத்தால் செம்மண் நிறமாகக் கரைந்தால், அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். சிறு குட்டிக்கு இந்தப் பூச்சிக்கடியாலேயே இரத்தசோகை வரும். நாய்க்கு விற்கும் உண்ணிமருந்தை மட்டும் எடுத்துப் பூசிவிடாதீர்கள்; அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுப்பதும் பூனையின் உயிரையே எடுத்துவிடும். குட்டி புழங்கும் தரையைப் பினாயில் ஊற்றித் துடைப்பதையும் நிறுத்துங்கள். அது காலில் பட்டு, நக்கும்போது உள்ளே போகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கத்துகிறது என்றால் ஏக்கம்தான். அதற்கு மருந்து உங்கள் உடம்புச் சூடும் வாசனையும். நாள் முழுவதும் உடுத்திய பழைய பருத்திப் புடவையைத் துவைக்காமல் மடித்து ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்; குட்டிக்கு மேலே கூரை இருந்தால் பயம் குறையும். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஓர் ஓரத்தில் வைத்தால் அதன் மீது சாய்ந்துகொள்ளும். சூடு போதும் என்றால் விலகிப் போக மறு ஓரம் காலியாக இருக்க வேண்டும். மடியிலிருந்து இறக்கும்போது சட்டென்று எழுந்து போகாதீர்கள். கண் சொருகும் நேரத்தில் பெட்டியில் விட்டு, உள்ளங்கையை அதன் முதுகின் மேல் சற்று அழுத்தமாக வைத்திருங்கள். அது முன்னங்கால்களால் புடவையை மாற்றி மாற்றிப் பிசையத் தொடங்கும். பாலூட்டும் தாயின் வயிற்றில் செய்யும் வேலை அது. பிசைவது நின்று, மூச்சு சீரானதும் கையை எடுங்கள்.

இனி மாமியாரின் கவலைக்கு வருகிறேன். ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்ற பாடத்தைப் பூனையும் விரைவில் கற்றுக்கொள்ளும். அதைக் கற்காமல் இருக்க, அழவிடுவதைக் காட்டிலும் அழுவதற்கு முன்பே போய்விடுவது நல்ல வழி. நீங்கள் ஒரு ரவிக்கைக்குக் கைகளைப் பொருத்தி முடித்ததும், குட்டி பேசாமல் இருக்கும்போதே பெட்டியருகே போய்த் தலையைத் தடவி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புங்கள். நாளுக்கு நாள் இந்த இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டலாம். அமைதியாக இருந்தாலும் ஆள் வரும் என்று நம்பும் குட்டி கத்துவதைத் தானே குறைத்துக்கொள்ளும். கத்தக் கத்த யாரும் வராத குட்டியும் ஒரு நாள் ஓயும். ஆனால் அது ஆறுதலால் வந்த அமைதி அல்ல. இரண்டு முதல் ஏழு வார வயது வரைதான் பூனைக்கு மனிதர் மீது நம்பிக்கை வேரூன்றும் பருவம். அந்த நாட்களைப் பிடிவாதத்தில் இழந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடிப்பதும், குளியலறையில் அடைப்பதும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் எந்த வயதிலும் கூடாது.

அடுத்த தெருவில் இருக்கும் உடன்பிறப்பை மறந்துவிடாதீர்கள். உங்களுக்கு இருக்கும் வசதிகளிலேயே பெரியது அதுதான். இரண்டும் நலமாக இருந்தால் தினமும் ஒரு மணி நேரமாவது சேர்த்து விடுங்கள். கட்டிப் புரண்டு, கடித்து, துரத்தி விளையாடிய களைப்பில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக உறங்கும். எவ்வளவு வலிக்கக் கடிக்கலாம் என்ற அளவையும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளும். அதை நம் கையைக் கொடுத்துக் கற்றுத்தர முடியாது. இரு வீட்டாரும் ஒப்பினால் இரண்டையும் ஒரே வீட்டில் வளர்ப்பது இன்னும் மேல்.

உங்கள் தொழிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நூல் கண்டு, ஊசி, எலாஸ்டிக் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை என்பதால், வாயில் போன நூலைத் துப்புவது அதற்குக் கடினம். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிந்தால் இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். கால்மிதி மெஷின் என்றால், பெட்டியை மிதிப்பலகைக்கு எட்டாத பக்கம் வையுங்கள்.

தெருவிலிருந்து வந்த குட்டி என்பதால் ஒரு முறை வேப்பேரிக்குப் போய்வருவது அவசியம். 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. குடற்புழு மருந்தை இப்போதே தொடங்க வேண்டும். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள், வெறிநோய்த் தடுப்பூசி பன்னிரண்டு வாரத்தில். அதுவரை யாருக்காவது கீறலோ கடியோ பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் பூனை ஒன்று குட்டி போட்டிருந்தது. கூரை வேலை தொடங்கியதும் இரண்டு குட்டிகளைத் தூக்கிப் போய்விட்டது, ஒன்றை விட்டுவிட்டது. இப்போதுதான் கண் திறந்திருக்கிறது, விடாமல் கத்துகிறது. தாய் திரும்பி வருமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: வர வாய்ப்பு உண்டு. பூனை குட்டி போட்டு ஏழு இடம் மாற்றும் என்று ஊரில் சொல்வார்கள். ஒவ்வொன்றாகத்தான் கவ்விப் போக முடியும் என்பதால் இடையில் ஆள் நடமாட்டம் இருந்தால் ஒளிந்து காத்திருக்கும். வேலையைச் சில மணி நேரம் நிறுத்தி, குட்டியைப் பரணுக்கு அருகிலேயே நிழலான இடத்தில் வைத்து, தொலைவில் இருந்து பாருங்கள். கத்தும் குரல்தான் தாயை அழைத்து வரும். ஆகவே அதை அடக்க முயல வேண்டாம்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஆக இருந்து இந்தக் கத்திரி வெயிலில் அதன் அடியில் குட்டி கிடந்தால், வெப்பமே கத்துவதற்குக் காரணமாக இருக்கலாம். வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். எதிர்ப்புறமும் உண்டு: இந்த வயதுக் குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. இரவில் மின்விசிறியின் கீழ் சிமெண்டுத் தரையில் கிடந்தால் இந்தக் கோடையிலும் சில்லிட்டுப் போகும்.

மாலைக்குள் தாய் வராவிட்டால் பொறுப்பு உங்களுடையது. உடல் சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது, செரிக்காது. முதலில் நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றுங்கள். பிறகு பூனைக்குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்து, குட்டியைக் குப்புறப் படுத்த நிலையில் வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக, மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை இரவிலும் கொடுக்க வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் தேய்த்தால்தான் சிறுநீரும் மலமும் கழிக்கும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது. இதைச் செய்யாததால் வயிறு உப்பிக் கத்தும் குட்டிகள் பல.

கத்திக்கொண்டிருந்த குட்டி பால் குடிக்காமல் திடீரென்று ஓய்ந்து, துவண்டு, ஈறு வெளுத்துப் போனால் அதை நிம்மதி என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வேளையில் காத்திருக்க நேரமில்லை. துணியில் சுற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

கேள்வி: என் மகன் காசிமேடு மீன் ஏலத்தில் வேலை செய்கிறான். விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்படும்போது பூனைக்கு ஒரு துண்டு மீன் வைத்துவிட்டுப் போவான். இப்போது தடைக்காலம் என்பதால் வீட்டில் உறங்குகிறான். ஆனால் பூனை மூன்று மணிக்கே எழுந்து அவன் தலைமாட்டில் நின்று கத்துகிறது. ஐந்து மாதப் பெண் குட்டி.
– வாசகி, ராயபுரம்

பதில்: அம்மா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத்தான் தடை, பூனையின் வயிற்றுக்கு இல்லை. பூனை இயல்பாகவே விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும் உயிர்; அந்த நேரத்தில் மீனும் கிடைத்ததால் அதன் உடம்பு மூன்று மணியைக் கடிகாரம் போலப் பழகிவிட்டது. இரவு படுக்கும் முன் காகிதப் பந்தை உருட்டி நன்றாக ஓடவிட்டு, அதன் பிறகு வயிறு நிறைய உணவு கொடுங்கள். வேட்டை, உணவு, உறக்கம் என்பதே அதன் வரிசை. மூன்று மணிக்குக் கத்தும்போது யாரும் எழவோ திட்டவோ வேண்டாம். திட்டுவதும் அதற்கு ஒரு பதில்தான். முதல் சில நாட்கள் சத்தம் கூடும். அந்த நாட்களில் ஒரே ஒரு முறை எழுந்து மீன் வைத்தாலும், இன்னும் உரக்கக் கத்த வேண்டும் என்று அது புரிந்துகொள்ளும்.

ஐந்து மாதப் பெண் குட்டி என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். தரையில் புரண்டு, பின்புறத்தை உயர்த்தி, வாலை ஒருபுறம் ஒதுக்கி, பகலிலும் நீட்டி முழக்கிக் கத்தினால், அது பருவத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். நான்கு மாதத்திலேயே வரக்கூடும். அந்தக் குரலை எந்தப் பழக்கத்தாலும் மாற்ற முடியாது; கருத்தடை அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. கால்நடை மருத்துவரிடம் நாள் கேட்டு வையுங்கள், அதுவரை வெளியே விடாதீர்கள். தடைக்காலம் முடிந்து மகன் மீண்டும் வேலைக்குப் போகும்போது, புறப்படும் நேரத்தில் மீன் வைக்கும் வழக்கத்தை மட்டும் திரும்பத் தொடங்க வேண்டாம். வேலை முடிந்து வந்த பிறகு கொடுக்கட்டும்.