செனட் ஹவுஸுக்கு எந்த வருஷத்தை எழுதுறது?

கேள்வி (ஒரு எம்.ஏ. மாணவி, மதுரை): ப்ராஜெக்டுக்கு மெட்ராஸ் யுனிவர்சிட்டி செனட் ஹவுஸை எடுத்திருக்கேன் சார். ஒரு இடத்துல 1864னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 1874, வேற ஒண்ணுல 1879. எதை நம்புறது, எங்க ஆரம்பிக்கறது?

பதில்: மூணுமே சரிதாம்மா, ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற சங்கதி. 1864ல கவர்மெண்ட் டிசைன் கேட்டு போட்டி வச்சுது, ஜெயிச்சவர் ராபர்ட் சிஷோம். கட்ட ஆரம்பிச்சது 1874, முடிஞ்சது 1879. யுனிவர்சிட்டி ஆரம்பிச்சதோ 1857லயே, செனட் ஹவுஸ் முடியற வரைக்கும் பட்டமளிப்பு விழாவெல்லாம் மவுண்ட் ரோடு பக்கம் இருக்கற பாங்க்வெட்டிங் ஹால்லதான், அதாங்க இப்போ ராஜாஜி ஹால்.

என்னைக் கேட்டா அந்த 1864க்கும் 1874க்கும் நடுவுல இருக்கற பத்து வருஷம்தான் உங்க ப்ராஜெக்டே. அதே போட்டியில வந்த பிரசிடென்சி காலேஜ் 1870லயே திறந்தாச்சு, அது இத்தாலியன் ஸ்டைல். இதுக்கு நடுவுல நேப்பியர் கவர்னரா வந்தாரு, நம்மூர் கட்டடக்கலையில அவருக்கு ரொம்ப ஈடுபாடு, பக்கத்துல இருக்கற சேப்பாக்கம் அரண்மனையில சிஷோமே வேலை பார்த்தாரு, அப்புறம் செனட் ஹவுஸ் எழும்பும்போது பார்த்தா நாலு மூலையிலயும் கோபுரம், அது மேல குமிழ் மாதிரி டோம், வராண்டாவுல செதுக்கின குண்டு குண்டு தூண், ஹாலுக்குள்ள கலர் கண்ணாடி ஜன்னல், ஆளே மாறிப்போச்சு! ஒரே ஆர்க்கிடெக்ட், பக்கத்து பக்கத்து கட்டடம், ரெண்டையும் ஒரு சாயங்காலம் நடந்து பார்த்துட்டு வாங்க, அப்புறம் எழுதுங்க.

பழைய அரசாங்க ஃபைல் பார்க்க எழும்பூர் ஆவணக் காப்பகம் போகணும். அனுமதிக்கு என்னென்ன வேணும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, காலேஜ் லெட்டர் கையில இருக்கட்டும். நேரா ஃபைல் கேக்காதீங்க, முதல்ல அந்தந்த வருஷத்து இண்டெக்ஸைப் புரட்டி ஜி.ஓ. (அரசாணை) நம்பரும் தேதியும் குறிச்சுக்கிட்டு அப்புறம் ஸ்லிப் எழுதிக் குடுங்க. கல்வித்துறையோட நிக்காம பொதுப்பணித்துறை பக்கமும் தேடுங்க, பணம் யாரு குடுக்கறது, ஏன் லேட்டுங்கற சண்டையெல்லாம் அங்கதான் கெடக்கும். பழைய யுனிவர்சிட்டி காலண்டர் (வருஷா வருஷம் போடற விவரப் புஸ்தகம்) கிடைச்சா விடாதீங்க, கன்னிமாரா லைப்ரரியிலயும் கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, வாசல் பக்கம் இருக்கற விக்டோரியா சிலை 1887ல வச்சது. அந்த வருஷத்தைப் பார்த்துட்டு கட்டடத்துக்கு எழுதி வச்சுடாதீங்க, கட்டடம் எட்டு வருஷம் மூத்தது.

கேள்வி (ஒரு வாசகர், திருவல்லிக்கேணி): சட்டசபை செனட் ஹவுஸ்ல நடந்துச்சுன்னு எங்க தாத்தா சொல்வாரு. நெஜமா?

பதில்: நெஜம்தான். 1937 ஜூலை 14ல இருந்து டிசம்பர் 21 வரைக்கும் அங்கதான், ராஜாஜி பிரீமியரா இருந்த சமயம் (அப்போ முதலமைச்சரை அப்படித்தான் சொல்வாங்க). அடுத்த ஜனவரியில பாங்க்வெட்டிங் ஹாலுக்குப் போயிட்டாங்க. அந்தக் காலத்து சபை நடவடிக்கையெல்லாம் புஸ்தகமா அச்சாகியிருக்கு, தாத்தா சொன்ன பேச்சு எதாவது ஞாபகம் இருந்தா அதுல தேடிப் பாருங்க.