அப்பாவின் தட்டணு எண்ணிக்கை ஏன் கூடியது?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் அப்பாவுக்கு 68 வயது. ரப்பர் தோட்டத்தில் ஷீட்டுக்குப் புகை போடும் இடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். சிகரெட்டை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காகப் பம்ப் உபயோகிக்கிறார். போன மாதம் மூச்சிரைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 462 என்று வந்தது. டிங்கிக் காய்ச்சலில் இறங்கினால்தானே ஆபத்து, ஏறினால் நல்லதுதான் என்கிறார் அப்பா. இரத்தம் உறைந்துவிடும், தினமும் ஆஸ்பிரின் கொடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. யார் சொல்வது சரி?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இருவர் சொல்வதும் சரியல்ல. பப்பாளி இலைச் சாற்றைத் தேடி அலைந்த டிங்கி நாள்களால் தட்டணு (பிளேட்லெட்) என்றாலே அது குறைவதைப் பற்றித்தான் நம் மக்கள் கவலைப்படுகிறார்கள். 462 என்பதை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 462,000 என்று படிக்க வேண்டும். வழக்கமான அளவு 150,000 முதல் 400,000 அல்லது 450,000 வரை. மேல் வரம்பு ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் சற்று மாறும். ஆகவே அப்பாவுக்குக் கூடியிருப்பது கொஞ்சம்தான்.

மூச்சுக்குழாய்களில் அழற்சி முற்றும்போது வெளிப்படும் வேதிப்பொருள்கள் கல்லீரலைத் தூண்ட, அது சுரக்கும் ஹார்மோன் எலும்பு மஜ்ஜையில் தட்டணு உற்பத்தியைக் கூட்டுகிறது. ஒரு தட்டணு ஏழு முதல் பத்து நாள் வரை வாழும் என்பதால், மூச்சு சீரான மறுநாளே எண்ணிக்கை இறங்கிவிடாது. தட்டணுக்களின் வேலை இரத்தத்தை உறையவைப்பதோடு முடிவதில்லை. தூண்டப்பட்ட தட்டணுக்கள் வெள்ளணுக்களோடு ஒட்டிக்கொண்டு அழற்சியை மேலும் வளர்க்கின்றன. இந்த நோயாளிகளிடம் அவ்வாறு ஒட்டிய அணுக்கள் கூடுதலாக இருப்பதும், நோய் முற்றும்போது அவை இன்னும் பெருகுவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கின்றன. மூச்சிரைப்பு முற்றிய நாள்களை அடுத்து மாரடைப்பு அபாயம் உயர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அறிக்கையில் தட்டணுவின் சராசரிப் பருமன் என்றும் ஓர் எண் இருக்கும். அதை வைத்து நோயின் தீவிரத்தைச் சொல்ல முயன்ற ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தம் கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் சில மணி நேரத்திலேயே, குழாயிலுள்ள மருந்தால் தட்டணுக்கள் உப்பிவிடும். அந்த எண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆஸ்பிரினைப் பொறுத்தவரை, மாமாவின் பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு. 2014இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு, நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,343 பேரைப் பார்த்தது. தட்டணு கூடியிருந்தவர்களிடையே ஓராண்டு இறப்பு அதிகமாகவும், தட்டணுவைக் கட்டுப்படுத்தும் மாத்திரை உண்டவர்களிடையே குறைவாகவும் இருந்தது. ஆனால் அது மாத்திரையைக் கொடுத்துச் சோதித்த ஆய்வன்று. ஏற்கெனவே உண்டுவந்தவர்களைக் கவனித்தது மட்டுமே. நுரையீரல் நோய்க்காக மட்டும் ஆஸ்பிரின் கொடுப்பது இன்று வழக்கமில்லை. இருதய நோய் இருந்தால் கதை வேறு, அதை அவருடைய மருத்துவர் தீர்மானிப்பார். மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையோடு ஆஸ்பிரினும் சேர்ந்தால் குடலில் இரத்தம் கசியும் அபாயம் கூடும். கசிந்தால் இரும்புச்சத்து குறையும். இரும்புச்சத்து குறைந்தாலும் தட்டணு ஏறும்.

மூச்சு சீராகி ஆறு வாரம் ஆனதும், இரும்புச்சத்தோடு சேர்த்துத் தட்டணுவையும் மீண்டும் பார்க்கும்படி கிளினிக்கில் கேளுங்கள். பழைய அறிக்கையின் ஓரத்தில், அது மூச்சிரைப்பு முற்றிய நாளில் எடுத்தது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். அப்போதும் 450,000க்கு மேல் நின்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். இதற்கிடையில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென நெஞ்சு வலித்தாலோ, பம்ப் அடித்தும் மூச்சிரைப்பு தணியாவிட்டாலோ, கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.