பழைய பி.எஸ்.ஏ.யைப் பொபராக்க: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தொரை பங்களா கராஜில் இருபது வருஷமாகக் கிடந்த பி.எஸ்.ஏ. எம்20 என்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறேன். கிக்கர் அசையவே இல்லை. பொபராக, அதாவது வேண்டாததைக் கழற்றி இலேசாக்கிய வண்டியாக, மாற்ற ஆசை. எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், ஹட்டன்

பதில்: முதலில் கிக்கரிலிருந்து காலை எடுங்கள். இறுகிப்போன எஞ்சினை உதைத்தால் கிக்கரின் பற்கள்தான் உடையும், பிஸ்டன் அசையாது.

எம்20 சைட் வால்வ் எஞ்சின், 496 சிசி. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்பதால் ஹெட் வெறும் மூடி மாதிரிதான். போல்ட்களுக்கு மூன்று நாள் துருநீக்கி எண்ணெய் விட்டு, லேசாகச் சூடு காட்டிக் கழற்றுங்கள். மில்லிமீட்டர் ஸ்பெனர் போடாதீர்கள். இது விட்வர்த் எனும் பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு. பொருந்துவதுபோல் இருந்து போல்ட்டின் மூலைகளை உருட்டிவிடும்.

ஹெட் வந்ததும் வால்வுகளைப் பாருங்கள். வண்டி நின்ற அன்று எந்த வால்வு திறந்திருந்ததோ, அதன் வழியாகத்தான் இத்தனை வருஷப் பனியும் ஈரமும் உள்ளே போயிருக்கும். அந்த வால்வின் தண்டும் அது ஏறி இறங்கும் குழலான கைடில் பிடித்திருக்கலாம். அதையும் தனியாக ஊறவிட்டு விடுவிக்க வேண்டும்.

ஏ.டி.எஃப். (ஓட்டோ கியர்) ஒயிலும் அசிட்டோனும் சம பங்கு கலந்து, 100 மில்லி அளவில் பிஸ்டன் மேல் ஊற்றி மூடிவையுங்கள். ஒரு கிழமை பொறுங்கள். இறங்க இறங்க மறுபடி ஊற்றுங்கள். பிறகு டொப் கியரில் போட்டுப் பின் சில்லை முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். அசையாவிட்டால், பிஸ்டன் அளவுக்கு வெட்டிய மரக்கட்டையை வைத்து மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டலாம். ஆனால் பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ நின்றால் தட்டவே கூடாது. அந்த நிலையில் கிராங்க் சுற்றாது; அடி முழுவதும் பிஸ்டன் கம்பியைக் கிராங்கோடு இணைக்கும் பிக் எண்ட் பெயரிங்கில் இறங்கும்.

விடுபட்ட பின் போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளக்க வேண்டும். புதிதில் 82 மில்லிமீட்டர். தேய்மானம் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டினால், அல்லது துரு குழி விழுத்தியிருந்தால், போர் பண்ணி (உள்ளே கடைந்து பெருப்பித்து) +20 அல்லது +40, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 20 அல்லது 40 பங்கு பெரிய பிஸ்டன் போடுங்கள். லேத்துக்குப் போகுமுன் பிஸ்டன் கையில் இருக்க வேண்டும். பிஸ்டனுக்குத்தான் போர் பண்ணுவது.

இன்னொன்று: பல மாதம் நின்ற வண்டியில் டேங்க் ஒயில் பம்பு வழியாகக் கசிந்து எஞ்சின் அடியில் நிறைந்துவிடும். முதல் தடவை ஸ்டார்ட் பண்ணுமுன் அடிப் பிளக்கைத் திறந்து வடியுங்கள். இல்லாவிட்டால் புகை கிளம்பும், சீல்களும் ஒழுகும்.

கேள்வி: பின்பக்க பிரேமை வெட்டி ஹார்ட்டெயிலாக (பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாததாக) வெல்டிங் பண்ணித் தருவதாக ஒரு பாஸ் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: உங்களுடையதும் இரண்டாம் உலக யுத்தகால எம்20 என்றால் வெட்ட ஒன்றுமே இல்லை. பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத ரிஜிட் பிரேமோடுதான் அது தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1930, 40களில் அமெரிக்காவில் முன் மட்காட்டைக் கழற்றி, பின் மட்காட்டைக் குறைத்து, பாரத்தை இறக்கிய வண்டிகள்தானே பொபர். அந்த உருவத்துக்கு வேண்டிய எலும்பு உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பிரிங் வைத்த தனி சீட்டும்கூட அதனுடையதே. கரியரை, பெட்டிகளைக் கழற்றுங்கள்; பிரேமில் கைவைக்காதீர்கள். பெயின்டுக்காகச் சுரண்டும்போது சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் கிரைண்டர் தொடக் கூடாது. அவை பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தும் றோட்டில் இறக்க முடியாது.

கேள்வி: பின்னுக்கு 5.00-16 டயர் (5 அங்குல அகலம், 16 அங்குல ரிம்) போட்டால் ஏற்றத்தில் இழுவை கூடுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: கூடாது. பழைய 3.25-19 டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 25.5 அங்குலம், 5.00-16 டயரின் உயரம் 26. ரிம் சிறுத்தாலும் டயர் தடித்துவிடுவதால் கியரிங் பெரிதாக மாறாது. இழுவை வேண்டுமானால் எஞ்சின் ஸ்புரொக்கட்டை (செயின் ஓடும் பற்சக்கரத்தை) ஒரு பல் குறைந்ததாக மாற்றுங்கள். 5.00 டயர் 127 மில்லிமீட்டர் அகலம்; செயினில் உரசும் அபாயம் உண்டு. 4.00-18 போதும், தோற்றமும் கெடாது. அதற்கும் இரு பக்கமும் 10 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரிம் வாங்குங்கள்.

கேள்வி: கண்டியில் நன்றாக ஓடும் பொபர், நுவரெலியா ஏறும்போது கரும்புகை தள்ளி மூச்சுமுட்டுகிறது. பிளக் கரிபிடித்திருக்கிறது. எஞ்சின் கொதிக்கவும் செய்கிறது.
– வாசகர், றம்பொடை

பதில்: இரண்டு வியாதி சேர்ந்திருக்கிறது.

புகைக்குக் காரணம் உயரம். நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. கடல்மட்டத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு. காற்று குறைந்தும் கார்ப்ரேட்டர் அதே ஜெட்டில் (பெற்றோல் வரும் சிறு துளையில்) பெற்றோலை ஊற்றுகிறது. மெயின் ஜெட் 170 என்றால் 160 போட்டுப் பாருங்கள். கார்ப்ரேட்டர் ஊசியை ஒரு காடி இறக்கலாம். ஆனால் கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்குவதானால் பழைய ஜெட்டை மறுபடி போட வேண்டும். மலைக்கு வைத்த ஜெட் கீழே பெற்றோலைக் குறைத்து வால்வைச் சுடும். பழைய ஜெட்டைத் துணியில் சுற்றி டூல் பையில் வைத்திருங்கள்.

கொதிப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பார்க் விழும் நேரத்தை மாற்றும், ஹேண்டிலில் உள்ள இக்னிஷன் லீவர். ஏற்றத்தில் எஞ்சின் தட்டும்போது ரிட்டார்ட் பண்ணுவது (ஸ்பார்க்கைப் பிந்த வைப்பது) சரிதான். தட்டு நின்று வேகம் பிடித்ததும் திரும்ப அட்வான்ஸ் பண்ண (முந்த வைக்க) மறந்தால், நெருப்பு தாமதித்து எரிந்து எக்ஸோஸ்ட் வால்வும் சிலிண்டரும் பழுக்கும். ஸ்பார்க் தரும் மக்னீட்டோவில் பொயின்ட் இடைவெளி 0.012 அங்குலம்; முழு அட்வான்ஸில் பிஸ்டன் உச்சிக்கு 7/16 அங்குலம் முன்பே ஸ்பார்க் விழ வேண்டும். இவை சரியாக இருந்தும், சூடானதும் நின்று, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் மக்னீட்டோ கண்டன்சரைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: முன் மட்காட் இல்லாமல் ஓடலாமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: வெயில் காலத்தில் ஓடிவிடலாம். மே மாதம் தென்மேல் மழை தொடங்கிவிட்டால் முன் சில்லு வாரியிறைக்கும் சேறு நேராக எஞ்சினிலும் உங்கள் கண்ணிலும் விழும். சில்லை ஒட்டிப் படுக்கும் குட்டையான தகட்டு மட்காட் ஒன்றைப் போடுங்கள். தகட்டின் பின் விளிம்பை உருட்டி மடக்கச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் மலை றோட்டின் அதிர்ச்சியில் அந்த விளிம்பிலிருந்துதான் வெடிப்பு தொடங்கும்.