பிரெஞ்சுப் புரட்சி விடையை எங்கே தொடங்குவது?

கேள்வி: குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதப்போகிறேன். பிரெஞ்சுப் புரட்சியின் சமூக, அரசியல் காரணங்களை இரண்டு தலைப்பில் பட்டியல் போட்டு எழுதினேன். ‘தகவல் இருக்கிறது, விளக்கம் இல்லை’ என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். எப்படி எழுத வேண்டும்?

பதில்: குறைத்தது நியாயம்தான். மூன்று எஸ்டேட்டுகள் (மதகுருமார், பிரபுக்கள், மற்ற மக்கள் என்ற மூன்று சமூகப் பிரிவுகள்), பட்டினி, சிந்தனையாளர்கள் ரூசோ, வால்டேர் என்று எல்லோரும் இதே வரிசையில்தான் எழுதுகிறார்கள். ஏற்றத்தாழ்வும் பட்டினியும் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவை. அப்படியிருக்க ஏன் 1789-ல் வெடித்தது? அதற்கு உங்கள் பட்டியலில் பதில் இல்லை.

வரியில் தொடங்குங்கள். சமூகக் காரணமும் அரசியல் காரணமும் பின்னிக்கிடக்கும் இடம் அது. முக்கிய நேரடி வரியிலிருந்து மதகுருமாருக்கும் பிரபுக்களுக்கும் பெரும்பாலும் விலக்கு. உப்பு வரி இன்னும் கொடுமை. பாரிஸைச் சுற்றிய மாகாணங்களில் ஆண்டுக்கு இவ்வளவு உப்பு என்று அரசுக் கிடங்கில் வாங்கியே தீர வேண்டும். மேற்கே பிரிட்டனி மாகாணத்துக்கோ அந்த வரியே கிடையாது. உப்புக் கடத்தல் அங்கே ஒரு பிழைப்பாகவே நடந்தது.

அடுத்து கஜானா. அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதில் கடன் ஏறி, 1788-ல் அரசுச் செலவில் ஏறத்தாழப் பாதி கடனை அடைக்கவே போனது. எல்லோருக்கும் பொதுவான நிலவரி போடலாம் என்று நிதியமைச்சர் கலோன் 1787-ல் பிரமுகர் அவையில் கேட்டார். பெரும்பாலும் பிரபுக்களும் மூத்த மதகுருமாரும் இருந்த அவை அது. அவர்கள் மசியவில்லை, அவர் பதவி போனது. அடுத்து வந்த பிரியேனின் வரித் திட்டத்தை, பிரபுக்கள் நிறைந்த பாரிஸ் உயர் நீதிமன்றம் சட்டமாகப் பதிவு செய்ய மறுத்தது. புது வரிக்கு மூன்று எஸ்டேட்டுகளின் பிரதிநிதிகளும் கூடும் எஸ்டேட்ஸ் ஜெனரல்தான் ஒப்புதல் தர வேண்டும் என்றது. 1614-க்குப் பிறகு கூடாத அவை அது! ஆக, முடியாட்சியை முதலில் முட்டுச்சந்தில் நிறுத்தியவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர், சலுகை பெற்றவர்கள். இதை எழுதும் மாணவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

1789 மே 5-ல் அவை வெர்சாயில் கூடியது. மூன்றாம் எஸ்டேட்டுக்கு இரட்டிப்பு இடங்கள் கொடுத்த மன்னர் பதினாறாம் லூயி, தலைக்கு ஒரு வாக்கா, எஸ்டேட்டுக்கு ஒரு வாக்கா என்பதைச் சொல்லாமலே விட்டார். எஸ்டேட்டுக்கு ஒன்று என்றால் மூன்றாம் எஸ்டேட்டுக்கு எப்போதும் இரண்டுக்கு ஒன்று தோல்விதான். அந்த எஸ்டேட்டின் பிரதிநிதிகளில் வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் ஏராளம். நான்கு தலைமுறைப் பிரபு வம்சம் என்று காட்டினால்தான் படையில் நேரடியாக அதிகாரி ஆகலாம் என்ற 1781 ஆணையை மறக்காத வர்க்கம். ஆறு வார இழுபறிக்குப் பின், ஜூன் 17-ல் தங்களையே தேசிய சட்டமன்றமாக அறிவித்தார்கள்.

ரொட்டியைக் கடைசியில் வையுங்கள். 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. 1789 தொடக்கத்தில் பாரிஸில் நான்கு பவுண்டு ரொட்டி பதினாலரை சூ (அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) விற்றது. கூலியாளின் நாள் வருமானமே 20 முதல் 30 சூ. அவையில் இழுபறி, தெருவில் பசி, இரண்டும் ஒரே கோடையில் சேர்ந்ததில்தான் ஜூலை 14-ல் பாரிஸின் பாஸ்டில் கோட்டைச் சிறை விழுந்தது.

250 சொல் விடையில் ரூசோவுக்கும் வால்டேருக்கும் இரண்டு வரி போதும். ரொட்டி இல்லாத மக்களைப் பார்த்து ராணி ‘கேக் சாப்பிடட்டும்’ என்றாள் என்ற கதையை எழுதவே வேண்டாம். லூயியின் ராணி மரி அந்துவானெத் அப்படிச் சொன்னதற்குச் சான்றில்லை.